நாலடி தள்ளி நின்ற பஸ்

நீதிபதியே வழக்கில் இருக்கிற இடத்தை நேரில் பார்க்க வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. இஸ்திரி போட்ட சட்டைக்கே மறுபடி இஸ்திரி போட்டார். "கண்ணைக் கட்டி விட்டாலும் நேரா ஊத்துல போய் நிப்பேன்" என்று பஸ் டிப்போ முழுக்கச் சொல்லி வைத்தார். கேட்டவர்களும் மறுத்துப் பேசாமல் தலையாட்டினார்கள். பாவம், மனுஷன் வாழ்நாள் பூராவும் ஆசைப்பட்டது, பிறந்த மண்ணைச் சுற்றிப் போட்டிருந்த அந்த வேலிக்குள் ஒரு தடவை கால் வைக்கத்தான்.

அவருடைய ஜனங்களை ஊரில் ஊற்றுக்காரர்கள் என்பார்கள். நகரம் என்று ஒன்று முளைப்பதற்கு முன்பே ஓர் ஊற்றைச் சுற்றி வாழ்ந்த பூர்வகுடிகள். டிரைவர் அரை டிராயர் போட்டுத் திரிந்த காலத்தில் அரசாங்க லாரிகள் வந்தன. சட்டிபானையோடு எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய், நகரத்தின் மறுகோடியில் வரிசை வீடுகளில் இறக்கிவிட்டன. நிலம் கைமாறிக் கைமாறி ஒரு கட்டுமான கம்பெனியிடம் வந்து சேர்ந்தது. கம்பெனி அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப் பள்ளம் தோண்டியது. ஊற்றுக்காரர்கள் நிலம் எங்களுடையது என்று வழக்குப் போட்டு, வேலைக்குத் தடை வாங்கினார்கள்.

இதில் ஒரு கூத்து உண்டு. தகர வேலி நெடுக 'ஊற்று கார்டன்ஸ்' என்று ஆளுயர எழுத்தில் விளம்பரம். கோர்ட்டிலோ, அங்கே ஊற்று என்று ஒன்று இருந்ததே இல்லை, எல்லாம் கட்டுக்கதை என்று அதே கம்பெனி சத்தியம் செய்திருந்தது. வீடு விற்க ஊற்று வேண்டும், வழக்கு ஜெயிக்க அது இருக்கவே கூடாது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் சொன்னார்களோ, அந்த முகத்துக்கு ஒரு கும்பிடு.

ஊற்று இருந்த இடத்தைக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம் என்றது கோர்ட். காட்டத் தெரிந்த பெரியவர்கள் வாய்தாவுக்கு வாய்தா ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியாகப் போனது டிரைவரின் அம்மா, போன வருஷம். அந்த மண்ணில் நடந்து திரிந்த கால்களில் மிச்சம் இருந்தது டிரைவருடையது மட்டும்தான். வழக்குக்காக அலைகிற அவருடைய தங்கச்சிகூட அப்போது கைக்குழந்தை.

அம்மா கடைசி வரை அந்த இடத்தை விடவில்லை. உடம்புக்கு முடிந்த நாளெல்லாம் மகன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறி, வேலியை ஒட்டிய நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வாள். அவர் கடைசி நிறுத்தம் போய்த் திரும்பி வரும்வரை தகரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"அங்க என்னம்மா தெரியுது?"

"ஒண்ணும் தெரியலடா. நீ போய்ட்டு வா."

கட்டுமான வேலை தொடங்கியதிலிருந்து அந்த நிறுத்தத்தில் ஓயாத சகதி. "எந்தச் சேத்துல உழுதுட்டு வர்றீங்க, டயர் பூரா செவப்பா அப்பிக் கிடக்கு" என்று டிப்போவில் பஸ் கழுவுகிறவர் தினமும் புலம்புவார். அம்மாவுக்குக் கால் வழுக்கிவிடப் போகிறதே என்று, அவள் இறங்கும்போது மட்டும் டிரைவர் பஸ்ஸை நாலடி தள்ளி, காய்ந்த தரையில் நிறுத்துவார். மற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் பேசியதெல்லாம் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான். வாயில் ஆணியைப் போட்டுக்கொண்ட மாதிரி ருசிக்கும், அது பட்ட கல்லெல்லாம் சிவந்து போகும் என்பாள். "ஒரு வாய் குடிச்சிட்டா போதும்டா, நிம்மதியாப் போயிடுவேன்." மகன் எங்கே போவார்? பாட்டில் தண்ணீரை நீட்டினார். அவள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீதிபதி வருகிற நாள் காலையில் வேலியின் கேட்டைத் திறந்தார்கள். நீதிபதி, இரண்டு தரப்பு வக்கீல்கள், கம்பெனி என்ஜினியர், பின்னால் தங்கச்சி. எல்லோருக்கும் முன்னால் டிரைவர் விறுவிறுவென்று நடந்தார். பத்தடி போயிருப்பார், கால் தானாக நின்றுவிட்டது.

ஒன்றுமே இல்லை. சறுக்கி விளையாடிய பாறை இல்லை, சாய்ந்து வளர்ந்த மரம் இல்லை, இறக்கமும் இல்லை. புல்டோசர் எல்லாவற்றையும் உள்ளங்கை மாதிரி வழித்து வைத்திருந்தது. நடுவே ஆழமாக ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் காது கிழிய இரைகிற ஒரு மோட்டார். அவர் இடது பக்கம் நடந்தார், திரும்பினார், வலது பக்கம் நடந்தார். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பார்த்த உலகத்தை இந்தத் தரையில் எங்கே வைத்துப் பொருத்துவது?

தங்கச்சி கிட்டே வந்தாள். "எங்கயாவது கையைக் காட்டுண்ணா. இவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேம்மா."

"அண்ணா, இன்னைக்கு விட்டா கேஸே போச்சு. இத்தனை வருஷம் நாய் மாதிரி அலைஞ்சிருக்கேன்."

"தெரியும். ஆனா அம்மா நின்ன இடம்னு சொல்லிப் பொய்யா ஒரு இடத்தக் காட்ட என்னால ஆகாது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். டிரைவர் நீதிபதியிடம் போய்க் கைகட்டி நின்றார்.

"ஐயா, எனக்கு இடம் தெரியலைங்க."

"என்ன சொல்றீங்க? காதுல விழலை."

"தெரியலைங்க ஐயா!"

நீதிபதி எரிச்சலோடு என்ஜினியர் பக்கம் திரும்பினார். "அந்த மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துங்களேன். ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்குது."

"நிறுத்த முடியாதுங்க ஐயா" என்றார் என்ஜினியர், தொழில் அக்கறையில். "நிறுத்தினா பள்ளம் நிரம்பிடும். ராத்திரி பகலா ஓடியாகணும்."

கம்பெனி வக்கீல் அவரைப் பார்த்த பார்வையில் ஆள் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

"நிரம்பிடுமா?" என்றார் நீதிபதி. "எதனால?"

"அது... மழைத் தண்ணிங்க ஐயா."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மாதக்கணக்கில் ஒரு மேகம்கூட எட்டிப் பார்க்காத வானம் வெளுத்துப் போய்க் கிடந்தது.

"நிறுத்துங்க" என்றார் நீதிபதி.

மோட்டார் இருமி அடங்கியது. எல்லோரும் பள்ளத்தின் விளிம்பில் நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனி வக்கீல் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அப்புறம் ஒரு மூலையில், பிளந்து கிடந்த பாறைக்கு அடியில், மண் கொதிக்கிற மாதிரி அசைந்தது. தண்ணீர் பொங்கி வந்து கல்லைச் சுற்றிக்கொண்டது. அந்தக் கல் நல்ல சிவப்பு.

டிரைவர் யாரையும் கேட்கவில்லை. லாரி இறங்கும் சரிவில் இறங்கி ஓடினார். இரண்டு கையாலும் அள்ளி வாயில் வைத்தார். ஆணி. இடம் மறந்துபோன மனுஷனுக்கு நாக்கு மறக்கவில்லை. அவர் அங்கேயே குந்தி உட்கார்ந்து, இஸ்திரி போட்ட சட்டை நனைய நனையக் குலுங்கி அழுதார்.

"இதுதானா?" மேலேயிருந்து நீதிபதி கேட்டார்.

டிரைவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"ஐயா, இது வெறும் நிலத்தடி நீர்" என்று ஆரம்பித்தார் கம்பெனி வக்கீல்.

"அதை கோர்ட்ல வந்து சொல்லுங்க. நான் கண்ணால பார்த்ததை எழுதிக்கிறேன். தீர்ப்பு வரைக்கும் இந்த மூலையில யாரும் கை வைக்கக் கூடாது."

நீதிபதியின் கார் கிளம்பியது. பள்ளத்துச் சுவர் சரிந்துவிடும் என்று மோட்டாரை மறுபடி போட்டுவிட்டார்கள். தங்கச்சி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாதபடி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு தண்ணியையும் எங்கண்ணா விடறாங்க?"

டிரைவர் குழாயைக் கண்ணால் தொடர்ந்தார். மோட்டாரிலிருந்து கிளம்பிய குழாய் தரையோடு தரையாக ஓடி, தகரத்துக்கு அடியில் நுழைந்து, வெளியே சாலைக்குப் போனது. கேட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தார். குழாயின் வாய் இருந்தது பஸ் நிறுத்தத்தில். அவர் தினமும் திட்டிக்கொண்டே ஓட்டிய சிவப்புச் சகதி அதுதான்.

தங்கச்சி பின்னாலேயே வந்தாள். "என்னண்ணா, ஏன் இப்படி நிக்கற? நாம கண்டுபிடிச்சிட்டோம்ணா."

"அம்மா இங்கதாம்மா இறங்குவா."

"ம்."

"கால் நனையக் கூடாதுன்னு நான் தள்ளி நிறுத்துவேன்."

ஒரு வாய் கேட்டு ஏங்கிப்போன அம்மா, நாலடி பக்கத்தில் அது ஓடிக்கொண்டிருக்க, காய்ந்த தரையில் நின்றிருக்கிறாள். ஒரு நாள் அவர் சோம்பேறித்தனப்பட்டு, எல்லோருக்கும் போல அவளையும் சகதியில் இறக்கிவிட்டிருந்தால் போதும். குனிந்து பார்த்திருப்பாள். அவளுக்குத் தெரியாமல் போயிருக்காது. வேலிக்கு அந்தப் பக்கம் போனால் தீர்ந்துவிடும் என்று டிரைவர் நினைத்திருந்த ஏக்கம், போய் வந்த பிறகுதான் முழுசாக வந்து மார்பில் உட்கார்ந்தது.

மறுநாள் வழக்கமான பஸ். அந்த நிறுத்தம் வந்ததும் டிரைவர் வண்டியைத் தண்ணீருக்கு நடுவிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். கூடையோடு இறங்கிய ஓர் அம்மாள் பொரிந்து தள்ளினாள்.

"ஏம்பா டிரைவர், நாலடி தள்ளி நிறுத்தக் கூடாதா? கால் பூரா நனைஞ்சிடுச்சு பாரு!"

"நனையட்டும்மா" என்றார் டிரைவர்.

எல்லோரும் இறங்கியாகிவிட்டது. இறங்க வேண்டியவர் இன்னும் ஒருவர் இருப்பதுபோல அவர் கதவைத் திறந்தே வைத்திருந்தார். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் பஸ் நகர்ந்தது.