ஜெர்மேன் திரையில் சொன்னது

சினிமாக் கொட்டகையின் மேல் மாடத்தில் ஆலைப் பெண்கள் மட்டும் சிரித்தார்கள். கீழே மெத்தை நாற்காலிகளில் இருந்தவர்கள் நிமிர்ந்து முறைத்தார்கள். திரையில் ஒரு கிழட்டுத் திருச்சபை ஆயர், விசாரணைக்கு நிற்கும் ழானை நோக்கி விரலை நீட்டிக் கொதித்துக்கொண்டிருந்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

பெர்நாந்த் பக்கத்தில் இருந்த அர்மாந்தினை முழங்கையால் இடித்தாள்.

"பாத்தியாடி? தொப்பி தலைய அரிக்குதாம் கெழவனுக்கு."

"பாத்தேன்."

"பக்கத்துல அந்த மொட்டைத்தலை சாமியாரப் பாரு. மத்தியானத்துக்கு முயல் கறியான்னு கேக்கறான். மூஞ்சி மட்டும் மோட்சத்துல இருக்கு."

ரூவான் நகர நெசவாலைகளில் இதை ஒரு திறமை என்று யாரும் நினைப்பதில்லை. தறிகள் ஓடும் கூடத்தில் காதால் ஒன்றும் ஆகாது. சிறுமியாக உள்ளே போகிறவள் எதிர்த் தறிக்காரியின் உதட்டைப் படிக்கப் பழகிவிடுவாள். மாமியார் சண்டை, மேஸ்திரியின் திருட்டுத்தனம், ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனது எல்லாம் சத்தமில்லாமல் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். ஊமைச் சினிமாவில் நடிப்பவர்கள் யாரும் கேட்கப்போவதில்லை என்று வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். ஆலைப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு வருவதே பாதி அதற்காகத்தான்.

இன்று வந்ததற்கு வேறு காரணம். ழானாக நடித்திருப்பவள் அர்மாந்தினின் மகள் ஜெர்மேன்.

அவளும் சில வருஷம் தறியில் நின்றவள்தான். பிறகு ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவோடு கிளம்பினாள். பிறகு பாரிஸ். ஐந்நூறு வருஷத்துக்கு முன் புனித ழானை உயிரோடு எரித்த ஊர் இது என்பதால் படத்தை இங்கே காட்டும் முதல் நாளுக்கு இயக்குநரும் ஜெர்மேனும் வந்திருந்தார்கள். கீழே முன்வரிசையில், நகராட்சிக்காரர்களுக்கும் சாமியார்களுக்கும் நடுவே, அவளுடைய வெள்ளைத் தொப்பி தெரிந்தது. அம்மாவுக்கும் அங்கே ஒரு இடம் போட்டு ஆள் அனுப்பியிருந்தாள். அர்மாந்தின் மறுத்துவிட்டாள். இந்தக் காலணியோடு அங்கே எப்படிப் போய் உட்காருவது.

படம் முழுக்க முகங்கள். ஒரு முகம் திரையை நிறைத்துவிடும். இவ்வளவு பெரிய உதடுகளை ஆலைப் பெண்கள் பார்த்ததில்லை. விசாரணை நடந்தவரை ஜெர்மேன் எழுதிக்கொடுத்ததையே பேசினாள். ஒரு சொல் பிசகவில்லை. அர்மாந்தினுக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு சிறைக் காட்சி வந்தது. ழான் கல் தரையில் மண்டியிட்டிருந்தாள். திரையில் எழுத்து வந்தது: ஆண்டவரே, என்னைக் கைவிடாதேயும்.

எழுத்து போய் முகம் வந்தது. உதடு வேறு சொன்னது.

"ஐயா, முட்டி. எழுந்துக்கறேன், ஐயா."

வரிசையில் சிரிப்பு நின்றது.

முகம் அப்படியே இருந்தது. கண் வானத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் பக்கவாட்டில், யாரோ நிற்கும் உயரத்தில் பார்த்தது. கண்ணீர் வழிந்து மேலுதட்டில் நின்றது.

"முடியல. போதும். நிறுத்துங்க."

கீழே கைக்குட்டைகள் வெளியே வந்தன. ஒரு கன்னியாஸ்திரீ விம்மினாள். திரையடியில் இருந்த வயலின்காரர் உருகி உருகி இழுத்துக்கொண்டிருந்தார்.

"நடிப்பா இருக்கும்டி," என்றாள் பெர்நாந்த். சொல்லும்போது அர்மாந்தினைப் பார்க்கவில்லை.

"எழுத்துல வேற போட்டிருக்கான்."

"அந்தக் காலத்துக் கதை. அவனவன் இஷ்டத்துக்குப் போடுவான்."

"முட்டிங்கறாடி. ழானா முட்டி வலிக்குதுன்னு சொன்னா?"

அர்மாந்தின் எழுந்து நின்றாள். "நிறுத்துங்க," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது.

"உக்காரும்மா, மறைக்குது!" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"படத்த நிறுத்துங்க."

"அழணும்னா உக்காந்து அழு. நாங்களும்தான் அழறோம்."

பெர்நாந்த் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அர்மாந்தின் கம்பியைப் பற்றிக்கொண்டாள். நிறுத்தி என்ன ஆகப்போகிறது? இது போன கோடையில் நடந்தது. இன்று இயந்திரத்தை நிறுத்தினாலும் அன்று அவளை யாரும் எழுப்பிவிடப் போவதில்லை. அன்று தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தாள். தறியில் நின்றிருப்பாள். எதிரே இருந்தவளிடம் மகளைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்திருப்பாள்.

திரையில் ழானை எரிக்கும் கட்டையில் கட்டினார்கள். புகை வந்தது. அது பொய்ப் புகையாக இல்லை. ஜெர்மேன் இருமினாள், மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. திரையில் எழுத்து வந்தது: இயேசுவே!

ஜெர்மேனின் உதடு "அம்மா" என்றது. மூச்சை இழுத்து மறுபடியும் "அம்மா" என்றது.

வரிசையில் இருந்த பெண்கள் திரையை விட்டுவிட்டு அர்மாந்தினைப் பார்த்தார்கள். அவள் இமைக்காமல் திரையையே பார்த்தாள்.

விளக்கு வந்ததும் கொட்டகையே எழுந்து கைதட்டியது. அர்மாந்தின் யாருக்கும் காத்திராமல் படியிறங்கினாள். கீழ்க்கூடத்தில் காலெடுத்து வைக்க இடமில்லை. இயக்குநர் வாசல் பக்கம் நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், மெல்லிய குரல். அவள் யாரென்று யாரோ சொன்னதும் தொப்பியைக் கழற்றினார்.

"உங்க பொண்ணு மாதிரி இன்னொருத்தி இல்லம்மா."

"முட்டி வலிக்குதுன்னு சொன்னாளே, ஐயா."

அவர் திகைத்தார். "உங்ககிட்ட சொன்னாளா?"

"இப்பத்தான் சொன்னா. அங்க." திரை இருந்த பக்கம் கையைக் காட்டினாள். "நிறுத்துங்கன்னா."

அவர் கோபப்படவில்லை. மறுக்கவும் இல்லை.

"ஆமா, சொன்னா. நான் நிறுத்தல. நிறுத்தியிருந்தா அந்த முகம் கெடைச்சிருக்காதும்மா. அது அவளுக்கும் தெரியும். நீங்களே கேட்டுப் பாருங்க."

நகராட்சிக்காரர் ஒருவர் அவர் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். போகும்போதும் அவர் அவளுக்குத் தலை வணங்கினார். திட்டியிருந்தால் அவளும் திட்டியிருப்பாள்.

ஜெர்மேன் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தாள். சுற்றிலும் சீமாட்டிகள். அர்மாந்தினால் நெருங்க முடியவில்லை. தூணோரம் நின்று, மகள் இந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, சத்தமில்லாமல் வாயைத் திறந்தாள்.

"வீட்டுக்கு வா."

ஜெர்மேன் பார்த்தாள். பக்கத்துச் சீமாட்டிக்குச் சிரித்தபடியே உதட்டை அசைத்தாள்.

"படத்துல நான் பேசினதப் பாத்தியா?"

"எங்க வரிசையே பாத்துச்சு."

ஜெர்மேனின் முகம் சிவந்தது. "எல்லாருமா? பெர்நாந்த் அத்தையுமா?"

"வாடி. பொட்டிகூட வேணாம். அப்படியே வா."

"அடுத்த படத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அந்த ஆளோடயா?"

"அவரோடதான்."

"ஏண்டி?"

ஒரு கிழவி நடுவே புகுந்து ஜெர்மேனின் கன்னத்தில் முத்தமிட்டு, சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் விலகும்வரை அர்மாந்தின் பொறுத்திருந்தாள். மறுபடி முகம் தெரிந்தபோது ஜெர்மேன் அதை விட்டுவிட்டு வேறு கேட்டாள்.

"கீழ எல்லாரும் அழுதாங்கம்மா. பக்கத்துல இருந்த சாமியார்கூட. நீ அழுதியா?"

அர்மாந்தின் அழவில்லை. படம் முடியும்வரை ஒரு சொட்டு வரவில்லை, வரவிடவில்லை. கண் நிறைந்தால் உதடு தெரியாது. மகள் இன்னும் என்ன சொல்கிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

இதைச் சொல்ல வாயெடுத்தாள். ஜெர்மேன் இத்தனை தலைகளுக்கு மேலாக, எட்டிக் குதிகாலை உயர்த்தி, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் தறியில் இழை அறாமல் ஓட்டி முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதும் இப்படித்தான் பார்த்தாள்.

"அழுதேன்," என்றாள் அர்மாந்தின்.

ஜெர்மேன் சிரித்தாள். இந்த முறை சீமாட்டிகளுக்காகச் சிரிக்கவில்லை.

கார் வந்துவிட்டது என்று யாரோ அவள் முதுகைத் தொட்டார்கள். கூட்டம் வழிவிட்டது. பெர்நாந்த் மேலிருந்து இறங்கி வந்து அர்மாந்தின் பக்கத்தில் நின்றாள்.

"வராளா?"

அர்மாந்தின் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

வாசல் படியில் ஜெர்மேன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஒரு கால் சரியாக மடங்கவில்லை. இயக்குநர் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி, அவள் வந்து சேரும்வரை பொறுமையாக நின்றார்.