மூலை வெட்டிய அட்டை

கானாவின் தமாலே நகரச் சந்தையில் ஷியா கொட்டையில் எடுத்த வெண்ணெய் விற்கும் பெண்களின் சங்கத்துக்கு மறுநாள் தேர்தல். போன தடவை, கண் தெரியாதவளுக்குத் துணை என்று சமாட்டாவோடு உள்ளே போன கொழுந்தன் யாக்குபு, அவள் கட்டைவிரலைப் பிடித்துத் தனக்கு இஷ்டமான பெயர்மேல் அழுத்திவிட்டு வந்தான். இந்த முறை தனியாகத்தான் போடுவேன் என்று சமாட்டா ஒரே பிடியாக நின்றாள்.

அதற்காக அவள் தங்கை ஃபுசைனா ஓர் அட்டை உறை செய்திருந்தாள். வீட்டிலேயே முதல் பட்டதாரி, படித்தது வடிவமைப்பு. வாக்குச்சீட்டை உறைக்குள் செருகினால் நான்கு வேட்பாளர்களுக்கும் நேராக நான்கு துளைகள். மேலிருந்து தடவி எண்ணி, வேண்டிய துளையில் மைவிரலை வைத்தால் போதும். பத்துத் தோழிகளின் கண்ணைக் கட்டிச் சோதித்தாயிற்று. பத்துப் பேரும் சரியாக வைத்தார்கள்.

"அக்கா, முதல் பேருக்கு வச்சுக் காட்டுங்க."

சமாட்டா அட்டையை மடியில் இப்படியும் அப்படியும் திருப்பினாள், எண்ணினாள், அழுத்தினாள். ஃபுசைனா உறையைத் திறந்தாள். மை கடைசிப் பெயர்மேல் இருந்தது.

"தலைகீழா பிடிச்சிட்டீங்க அக்கா."

"எது தலை, எது கால்னு உன் அட்டை எங்கடி சொல்லுது?"

"பத்துப் பேரு சரியா வச்சாங்களே."

"அவளுங்க பாத்துட்டுத்தானே கண்ணைக் கட்டிக்கிட்டாளுங்க? நான் எப்ப பாத்தேன்?"

ஃபுசைனாவுக்கு முகம் எரிந்தது. நாலு வருஷம் படித்தும் இது தோன்றவில்லையே.

"எதுக்கு அண்ணி இந்த வீண் வேலை? நான்தான் கூட வர்றேனே," என்றான் வாசலில் நின்றிருந்த யாக்குபு.

"வந்த லட்சணம்தான் தெரியுமே. உன் வேலையைப் பாரு."

ஃபுசைனா கத்தரியை எடுத்து மேல் வலது மூலையைச் சரிவாக நறுக்கினாள். "இந்த வெட்டு மேல, வலது பக்கம் இருந்தா நேரா இருக்குன்னு அர்த்தம்." பிறகு வேண்டுமென்றே ஒவ்வொரு தடவையும் அட்டையை மாற்றி மாற்றிக் கொடுத்தாள். ஐந்து தடவையும் சமாட்டா மூலையைத் தேடி, திருப்பி, சரியாக வைத்தாள்.

மறுநாள் சமாட்டாவின் பெயரைக் கூப்பிட்டதும் யாக்குபுவும் எழுந்தான். "நீங்க உக்காருங்க," என்ற தேர்தல் நடத்திய அம்மாள், சீட்டை உறைக்குள் செருகிச் சமாட்டாவிடம் கொடுத்தாள்.

திரைக்குப் பின்னால் போன சமாட்டா வெகுநேரம் வரவில்லை. ஃபுசைனா நகத்தைக் கடித்தபடி நின்றாள். ஒருவழியாகச் சமாட்டா வெளியே வந்து, பெட்டியைத் தடவிச் சீட்டைப் போட்டாள்.

"யாருக்கு அண்ணி போட்டீங்க?"

"உனக்கெதுக்கு?"

ஃபுசைனாவுக்கும் கேள்வி வாய் வரை வந்தது, கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.