அக்காவுக்கும் நன்றி

இசைத்தட்டு உறையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தபோது அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, கண்ணாடி போட்டால் மட்டுமே தெரிகிற பொடி எழுத்தில், 'வண்டி நிறுத்த இடம் தந்த பெயின்ட் கடைக்காரருக்கும், அக்காவுக்கும் நன்றி' என்று போட்டிருந்தார்கள். பெயின்ட் கடைக்காரருக்கு அடுத்த இடம்! பதினோரு வருஷம் அந்தக் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. வெறும் அக்கா.

பாடுகிறவனுக்குத்தான் அவள் கூடப்பிறந்த அக்கா. அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கிடார் வாசிக்கும் ஒட்டடைக்குச்சிக்கும் பேஸ் கிடார் வாசிக்கும் மௌனிக்கும்கூட அக்காவாகிப் போனாள். மூன்று ஆல்பம் போட்டார்கள். தகரப் பட்டறையில் இடி விழுந்த மாதிரி இருக்கிறது என்று திட்டியவர்கள் பாதி, அந்த இடிக்காகவே தேடி வந்தவர்கள் பாதி. நான்காவதில் சவுண்டையே மாற்றப் போகிறோம் என்று ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்தான் தம்பி. ஒலிப்பதிவு மேதையாம். அறைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டான்.

மேதை இரண்டு வாரம் அவளை வாசிக்கவிட்டுப் பதிவு செய்தான். "சூப்பர் அக்கா, இன்னொரு தடவ" என்று தேன் ஒழுகப் பேசினான். பிறகு அந்த வாசிப்பைத் துண்டு துண்டாக நறுக்கி ஒரு பெட்டிக்குள் ஏற்றினான். பொத்தானை அழுத்தினால் அவள் அடித்த அடி வரும். இனிமேல் டிரம்ஸ் தேவையில்லை என்று அறிவித்தான். உறையில் தாளத்துக்கு நேராக அவன் பெயர், கொட்டை எழுத்தில்.

அக்கா தம்பியைப் பிடித்துக் கேட்டாள்.

"ஏண்டா, அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது யாரு கை?"

"உன் கைதான். இல்லன்னு யாரு சொன்னா? ஆனா இது புது சவுண்டுக்கா. உன் பேரப் போட்டா, பழையபடி டிரம்ஸ்தான்னு நெனச்சுப்பாங்க. அதான் நன்றி சொல்லியிருக்கோமே."

"பெயின்ட் கடைக்காரரோட சேத்து."

"ஐயோ, சின்ன விஷயத்தப் பெருசாக்காதக்கா."

சின்ன விஷயமாம்! மேடை வேண்டாம், கைதட்டல் வேண்டாம், அந்த உறையில் ஒரு வரியில் அவள் பெயர் இருந்தால் போதும் என்றுதான் கேட்டாள். அதுவும் கிடையாது என்று ஆன பிறகு, இவர்கள் முகத்தில் கரி பூசாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள். எப்படிப் பூசுவது என்பதுதான் பிடிபடவில்லை.

பகலில் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில், காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கோடு உட்கார்ந்திருப்பாள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் போகலாமா என்று அவள் முகத்தைப் பார்ப்பார்கள். "என் மூஞ்சியில என்ன எழுதி ஒட்டியிருக்கு? ரோட்டப் பாருங்க!" என்று எரிந்து விழுவாள். அந்த மாதம் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தாள்.

ஆல்பம் வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்பு ஒத்திகை தொடங்கியது. "சும்மா வந்து உக்காந்து கேளுக்கா, உன் அபிப்பிராயம் முக்கியம்" என்று தம்பி கூப்பிட்டான். திமிரைப் பார் என்று நினைத்தாலும் போனாள். ஒத்திகை அறையில், ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்க்கும் பழைய சோபாவில் உட்கார்ந்து கேட்டாள்.

கடைசிப் பாட்டு பதினாறு நிமிஷம். நடுவே பெட்டி நின்றுவிடும். ஒன்பது எண்ணிக்கைக்கு ஊசி விழுந்தால் கேட்கும் நிசப்தம். பிறகு மூன்று பேரும் ஒரே அடியாக வாசிப்புக்குள் விழ வேண்டும். அந்த ஆல்பத்தின் உயிரே அந்த இடம்தான். அங்கே காதுக்குள் தாளம் எண்ணிக் கொடுக்கும் கிளிக் சத்தம்கூட விடக்கூடாது என்பது மேதையின் சட்டம். "மௌனத்துல மெஷின் இருக்கக் கூடாது. மனுஷ மூச்சுதான் இருக்கணும்" என்பான். ஒன்பதும் சமமான ஒன்பது இல்லை. கடைசி எண்ணிக்கை ஒரு இழுப்பு இழுக்கும். அந்த இழுப்பை வைத்ததே அக்காதான். பதிவின்போது மோவாயைத் தூக்கி, ஒன்பதாவதில் நிறுத்தி இழுத்து, இறக்குவாள். மோவாய் இறங்கினால் எல்லோரும் விழுவார்கள்.

மூன்றாம் நாள் அந்த நிசப்தத்தின்போது அவளுடைய சாவிக்கொத்து சோபாவுக்கு அடியில் விழுந்தது. குனிந்து தேடினாள். ஒட்டடைக்குச்சி ஒரு நேரத்தில் விழுந்தான், மௌனி ஒரு நேரத்தில் விழுந்தான், தம்பி அந்தரத்தில் நின்றான். கேபிளில் கோளாறு என்று மேதை கேபிளை மாற்றினான். மறுபடி வாசித்தார்கள். இந்தத் தடவை அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று ஜோடிக் கண்களும் தன் மோவாயிலேயே இருப்பதைப் பார்த்தாள். தன்னையறியாமல் தான் அதைத் தூக்கி இறக்கிக்கொண்டிருப்பதும் அப்போதுதான் உறைத்தது. அடி கச்சிதமாக விழுந்தது.

"பாத்தீங்களா, கேபிள்தான்" என்றான் மேதை.

அடப்பாவிகளா! பதினோரு வருஷத்தில் ஒருத்தனும் எண்ணக் கற்றுக்கொள்ளவே இல்லை. அவளைப் பார்த்து விழுந்தே காலத்தை ஓட்டியிருக்கிறார்கள், அதுவும் தெரியாமலே. ஆளைக் கழற்றிவிட்டவர்கள் அவள் மோவாயைக் கழற்ற மறந்துவிட்டார்கள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் ஒத்திகைக்குப் போனாள். வகுப்புகளைத் தள்ளிப்போட்டுவிட்டுப் போனாள், காய்ச்சலோடு போனாள். அதே சோபா, அதே மூலை. தூக்கினாள், இழுத்தாள், இறக்கினாள். அவர்களுக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச எண்ணிக்கையும் மறந்துபோகும்படி பார்த்துக்கொண்டாள்.

"அக்காவுக்குக் கோவமெல்லாம் தீந்துருச்சு" என்று தம்பி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆமாண்டா, தீந்தே போச்சு" என்றாள்.

கடைசி ஒத்திகை முடிந்து கிளம்பும்போது அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அன்னிக்கு நீ முன்வரிசையில நடுவுல உக்காரணும்க்கா. ஏன்னே தெரியல, உன்னப் பாத்தாத்தான் தைரியமா இருக்கு."

"வராம எங்க போவேன்?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அரங்கு நிரம்பி வழிந்தது. பத்திரிகைக்காரர்கள், வானொலிக்காரர்கள் என்று ஒரு பட்டாளமே வந்திருந்தது. பெட்டி இடித்தது. ஒவ்வொரு அடியிலும் அக்காவுக்குத் தன் மணிக்கட்டு அடையாளம் தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் அவள் பக்கம் சாய்ந்து, "என்ன ஒரு அடி பாருங்க! மெஷின்னா மெஷின்தான்" என்றார். கொஞ்சம் இரக்கம் மிச்சமிருந்ததென்றால் அதுவும் அதோடு போயிற்று.

கடைசிப் பாட்டு. பெட்டி நின்றது. மூன்று பேரும் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். அவள் மோவாயைத் தூக்கினாள்.

ஏழு, எட்டு, ஒன்பது. இழுத்தாள். இன்னும் இழுத்தாள். இறக்கவில்லை.

ஒட்டடைக்குச்சிக்கு விழி பிதுங்கியது. தம்பியின் கண் கெஞ்சியது. அந்தக் கண்ணைப் பார்த்து அவளுக்கும் உள்ளே என்னவோ செய்யத்தான் செய்தது. கூடப்பிறந்தவன் இல்லையா? பெயின்ட் கடைக்காரரை நினைத்துக்கொண்டாள். மோவாய் அப்படியே நின்றது.

பொறுக்க முடியாமல் மௌனி விழுந்தான். ஒட்டடைக்குச்சி அவனைத் துரத்திக்கொண்டு விழுந்தான். தம்பி வேறு ஏதோ பாட்டின் வரியைத் தொடங்கிப் பாதியில் முழுங்கினான். மேதை பதறிப்போய் எந்தப் பொத்தானையோ அமுக்க, பெட்டி அவள் கையாலேயே தன்னந்தனியாக இடித்துத் தள்ளியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது முன்வரிசை வரைக்கும் வந்தது.

"மன்னிக்கணும், மறுபடி அந்த இடத்துலருந்து" என்றான் தம்பி, மைக்கில்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவைத் தாண்டி வெளிப்படிக்கட்டில் இறங்கும்போது உள்ளே பெட்டி நின்றது. படியிலேயே நின்று எண்ணினாள். ஒன்பது முடிவதற்குள்ளேயே மூன்று அடிகள் மூன்று திசையில் விழுந்தன. இந்தத் தடவை சிரிப்பு தெருவரை கேட்டது. ஆகா, எவ்வளவு நாள் கழித்து மனசு குளிர்ந்தது!

காரைத் திறக்கும்போது தம்பி ஓடி வந்தான். காதிலிருந்து ஒயர் தொங்கியது. அவள் எழுந்துபோன காலி நாற்காலியைப் பார்த்தபோதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியிருந்தது.

"வேணும்னேதான பண்ணின?"

"ஆமா."

"எத்தன பேர் முன்னாடி மானம் போச்சு தெரியுமா? ஒரு தலையாட்டல்தானேக்கா! அதுகூடவா உன்னால முடியல?"

அக்கா கார்க் கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கினாள்.

"ஒரு பேருதானேடா. அதுகூடவா உங்களால முடியல?"

அவன் போகலாமா வேண்டாமா என்று தெரியாதவன்போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ரோட்டைப் பார்த்து வண்டியை எடுத்தாள்.