அத்தை கேட்ட பன்றி

கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டதும் லெசியேலி உரித்துக்கொண்டிருந்த சேப்பங்கிழங்கைத் தரையில் போட்டுவிட்டு எழுந்தாள். குழி அடுப்பைச் சுற்றி நின்ற ஆண்கள் யாரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் அப்பாவின் தம்பி மோசேசே மட்டும் கத்தியின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, மாமரத்தடியில் படுத்திருந்த பெரிய பன்றி லோசேயைப் பார்த்தார்.

"சித்தப்பா, அது வேண்டாம்."

"பின்ன எது? நீ போய்க் கடல்ல இருந்து ஒண்ணு புடிச்சிட்டு வாயேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிக்கிறோமே என்று நினைவு வந்து ஒருவன் இருமினான்.

"மூணு பன்னி வெட்டியாச்சே. பத்தாதா?"

"அதெல்லாம் குட்டிங்க. பாதிரியார் வர்றார், ஊர்ப் பெரியவர் வர்றார். குட்டியைக் கொண்டுபோய் அவங்க முன்னாடி வச்சா மூஞ்சியில காறித் துப்புவாங்க. அண்ணன் சாமிசோனி சாவுக்கு ஒரு பெரிய பன்னி போட வக்கில்லாத குடும்பம்னு நாளைக்கு ஊரே பேசும். பெரிய பன்னி கொண்டுவர்றேன்னவன் கையை விரிச்சிட்டான். வீட்டுலயே இவ்ளோ பெரிசா ஒண்ணு படுத்துக் கிடக்கு, நான் எங்க போய்த் தேட?"

"அது அப்பா வளத்தது. வெட்டறதுக்கு வளக்கலை."

"பன்னியை வேற எதுக்கு வளப்பாங்க? அண்ணன் அதுக்கு ஒரு பேர் வச்சிட்டா மனுஷியாயிடுமா? அடுப்புக் குழியில கல்லு பழுக்கட்டும், அப்புறம் கவனிச்சுக்கிறேன்."

டோங்காவில் பன்றிக்குப் பேர் வைத்தவர் அவள் அப்பா ஒருவராகத்தான் இருக்கும். தலைநகரிலிருக்கும் விலங்குக் காப்பகத்துக்குத் தினமும் பஸ் ஏறிப்போய், சம்பளமில்லாமல் கூண்டு கழுவியவர். வண்டியில் அடிபட்ட நாய், சொறி பிடித்த நாய், கண் திறக்காத பூனைக்குட்டி, எதுவும் அவருக்கு அருவருப்பில்லை. யாருமே வளர்க்கக் கேட்காததாகப் பார்த்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார். ஒருநாள் காப்பக வாசலில் யாரோ அட்டைப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். நாய்க்குட்டி என்று நினைத்துத் திறந்தால், பின்னங்கால் நசுங்கிய பன்றிக்குட்டி. அங்கே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து பால் புகட்டி, மூன்று காலில் நடக்கப் பழக்கினார். லோசே இப்போது நாலு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனம். அவர் சர்ச்சுக்குப் போனால் நொண்டி நொண்டிப் பின்னாலேயே போய் வாசலில் படுத்துக்கொள்ளும். பாதிரியார் பிரசங்கத்தின் நடுவே குறட்டை கேட்டால் ஊருக்கே சிரிப்பு.

நாய்க்கெல்லாம் கட்டுப் போடத் தெரிந்த மனுஷர் தன் காலுக்கு ஒரு கட்டுப் போட்டுக்கொள்ளவில்லை. சர்க்கரை வியாதிக்காரர் காலில் புண்ணோடு ஈரத்தில் நிற்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். மறுநாளே கூண்டு கழுவப் போய்விட்டார். லெசியேலி கத்திப் பார்த்தாள். செருப்பை ஒளித்து வைத்துப் பார்த்தாள். வெறுங்காலோடு போனார். அம்மா இல்லாத வீட்டில் அவரை அதட்ட வேறு யார் இருந்தார்கள்? நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செத்தவரை எழுப்பி உட்காரவைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது.

காப்பகத்து வேன் வேலியோரம் வந்து நின்றது. அங்கே நர்ஸாக இருக்கும் லத்தாய் பூக்கூடையோடு இறங்கி நேராகப் பின்கட்டுக்கு வந்தாள். கத்தியையும் லோசேயையும் பார்த்தவுடன் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அக்கா, வேனைப் பின்பக்கமா கொண்டுவர்றேன். நாலு பேர் இருக்கோம், தள்ளி ஏத்திடலாம்."

"எங்க அப்பா கால் அழுகிப்போய் வந்து நின்னாரே, அப்ப எங்க போச்சு இந்த வேனு?" லெசியேலிக்குக் குரல் தானாக உயர்ந்தது. "'வீட்டுக்குப் போங்க'ன்னு சொல்ல ஒருத்திக்கும் வாய் வரலை இல்ல? ஓசியில வேலை செய்யற ஆளை ஏன் விடணும்?"

"சொன்னோம் அக்கா. கதவைக்கூடப் பூட்டினோம். சுவரேறிக் குதிச்சு வந்தார்."

அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் எரிந்தது. சுவரேறிக் குதித்தாராம். அந்தக் காலோடு.

"வேன் வரட்டும், போகட்டும்," என்று அடுப்படியிலிருந்தே சித்தப்பா சொன்னார். "ஆனா சாவு வீட்டுப் பன்னி இந்த வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினா, நான் இந்தக் குடும்பத்துல பொறந்தவனே இல்லை."

அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் பேச்சை வெட்டிப் பேசக்கூடிய ஆள் அந்த வீட்டில் ஒரே ஒருத்தி. அவளிடம் போவதற்குப் பதில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது லெசியேலிக்கு.

வீகா அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கூடப்பிறந்தவள் வார்த்தைக்கு மேல் தம்பிகளுக்கு வார்த்தை கிடையாது. சாவு வீட்டில் அவள் கேட்டதை மறுக்க எவருக்கும் வாயில்லை. அம்மா செத்தபோது அவள் கேட்டுத் தையல் மெஷின் போனது, குளிர்சாதனப் பெட்டி போனது. அதெல்லாம்கூடப் போகட்டும். அப்பா கண்ணாக வளர்த்த ஃபேட்டு என்கிற நாயையும் ஒரு விருந்தன்று கேட்டாள். தோட்டக் காவலுக்காம். 'அக்கா கேட்டா குடுக்கணும்' என்று அப்பா கயிற்றை எடுத்து நீட்டினார். அதைக் கட்டிப்போட்டுவிட்டு அத்தை தன் மகனைப் பார்க்க ஆக்லாந்து போனாள். பார்த்துக்கொள்ளச் சொன்ன ஆள் பார்க்கவில்லை. அன்றிலிருந்து லெசியேலி அத்தை வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

குழி அடுப்பில் கல் சிவந்துகொண்டிருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

இறந்தவரின் பிள்ளைகள் தலைமாட்டுப் பக்கம் போகிற வழக்கமில்லை. அவர்களுக்கு அடுப்படிதான். துக்கத்துக்காக இடுப்பில் சுற்றிய கிழிந்த பாயோடும் புகை நாற்றத்தோடும் அவள் முட்டி போட்டு ஊர்ந்து வருவதைப் பார்த்ததும் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அப்பா நேர்த்தியான பாய்களின் மேல் நீட்டிப் படுத்திருந்தார். தலைமாட்டில் அத்தை, கறுப்பு உடையில், அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி?"

"லோசேயை வெட்டப் போறாங்க அத்தை. அதை நீங்க கேட்டு வாங்கிக்கணும்."

"எனக்கு எதுக்கு நொண்டிப் பன்னி?"

"நீங்க கேட்டா சித்தப்பா கத்தியைக் கீழ போட்டுடுவார். வேற யார் பேச்சும் எடுபடாது."

"நான் கேட்டா அது என்னுது. திருப்பிக் குடுன்னு வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்."

"எப்ப வெட்டுவேன், எதுக்கு வெட்டுவேன்னும் கேக்கக் கூடாது."

அதுவரை அடக்கி வைத்திருந்தது அங்கே உடைந்தது.

"கேப்பேன்," என்றாள் லெசியேலி. "ஃபேட்டுவை இப்படித்தான் கேட்டு வாங்கிட்டுப் போனீங்க. கயித்துல கட்டி வச்சிட்டுப் ப்ளேன் ஏறிட்டீங்க. தண்ணியில்லாம நாக்குத் தள்ளிச் செத்துது. எங்க அப்பா உங்க தோட்டத்துலயே குழி வெட்டிப் புதைச்சிட்டு வந்து, சாப்பிடாமப் படுத்துக்கிட்டார். உங்களை ஒரு வார்த்தை சொல்லலை. இதையும் அப்படிச் சாகடிக்கப் போறீங்கன்னா இப்பவே வெட்டச் சொல்லுங்க. ஒரே வெட்டுல போயிடும்."

"ஐயய்யோ, அத்தைகிட்டப் பேசற பேச்சா இது!" என்று பின்னாலிருந்து ஒரு கிழவி வாயிலடித்துக்கொண்டாள். பாட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அத்தை கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினாள். கொஞ்ச நேரம் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவும் தம்பியும் பெரியவர்களான பிறகு ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. மரியாதை அப்படி.

"போய் மோசேசேகிட்டச் சொல்லு," என்றாள். "அந்தப் பன்னி எனக்கு. உயிரோட."

சித்தப்பா முதலில் நம்பவில்லை. "அக்காவா சொன்னாங்க?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு கத்தியை வாழைமரத்தில் ஓங்கிக் குத்தினார்.

"அப்ப பெரியவர் முன்னாடி எதைடி வைக்கிறது? உன் தலையையா?"

கடைசியில் டப்பா இறைச்சியைக் கோபுரம் மாதிரி அடுக்கி வைத்தார்கள். பெரியவர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அந்தப் பேசாமலிருப்பை சித்தப்பா சாகும்வரை மறக்க மாட்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

மத்தியானம் அப்பாவைப் புதைத்தார்கள். வெள்ளை மணலைக் கூட்டி, அதன்மேல் கறுப்புக் கூழாங்கல் பரப்பினார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் அத்தை கத்தரிக்கோல் கேட்டாள். அப்பன் செத்தால் பிள்ளைகளின் முடியை அத்தைதான் வெட்ட வேண்டும். லெசியேலி அவள் முன்னால் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். இடுப்புவரை தொங்கிய சடையை அத்தை கையில் சுற்றிப் பிடித்த பிடியில் கழுத்து பின்னால் இழுபட்டது. காலையில் பேசியதற்குப் பழிவாங்குகிறாள் என்று நினைத்து லெசியேலி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கால் அழுகுதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்று அத்தை அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ஈஸ்டருக்கு முன்னாடியே."

"எனக்குச் சந்தையில கிழங்கு விக்கிறவ சொல்லித்தான் தெரியும். அப்படியே ஓடினேன். ஆஸ்பத்திரியில அவனுக்கு நினைவு தப்பியிருந்துது."

கத்தரிக்கோல் ஒருதரம் கடித்தது. கனமான சடை, ஒரே வெட்டில் போகவில்லை.

"'வெளிய போகாதே, வீட்டுல கிட'ன்னு நான் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா, உங்கப்பன் வாசப்படியைத் தாண்டியிருப்பானா?"

தாண்டியிருக்க மாட்டார். செருப்பில்லாமல் போனவர், சுவரேறிக் குதித்தவர், அக்கா சொன்னாள் என்றால் கட்டிலை விட்டு இறங்கியிருக்க மாட்டார். இது லெசியேலிக்குத் தெரியும். இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"பன்னிக்காக முட்டி போட்டு ஊர்ந்து வந்தியே," என்றாள் அத்தை. "அவனுக்காக ஒருநாள் என்கிட்ட வந்தியாடி?"

நீ அந்த நாயைக் கொன்றாய், அதனால்தான் வரவில்லை என்று சொல்ல லெசியேலி வாயைத் திறந்தாள். நாய் செத்ததற்காக அப்பாவை விட்டுவிட்டேன் என்று அது தன் காதிலேயே விழுந்தது. வாயை மூடிக்கொண்டாள். சடை முழுசாகக் கையோடு வந்தது. அத்தை அதை அவள் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

வெயில் தாழ்ந்ததும் அத்தையின் லாரியில் அவளுக்கு முறைப்படி வந்த பாய்களையும் மரப்பட்டைத் துணிச் சுருள்களையும் ஏற்றினார்கள். லோசே ஏற மறுத்தது. நாலு பேர் தள்ளினார்கள், சித்தப்பா பின்னால் உதைத்தார். பலகையில் முன்னங்காலை வைத்துவிட்டு அது ஊரே கேட்கக் கத்தியது. லெசியேலி போய் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டுக்கொண்டே முன்னால் நடந்தாள். ஏறியது.

"வயித்தைத் தடவிவிட்டாத்தான் காலையில திங்கும்," என்றாள், அத்தையின் முகத்தைப் பார்க்காமல். "கட்டிப்போட வேண்டாம். எங்கயும் ஓடாது. ஓட வராது."

"பன்னி வளக்க எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

ஆனால் முன்சீட்டில் ஏறப்போன அத்தை நின்றாள். இரண்டு ஆள் கைகொடுக்க, அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறி, பாய்க்கட்டுகளுக்கும் லோசேக்கும் நடுவில் உட்கார்ந்தாள். டிரைவர் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் வண்டியை எடுத்தான்.

திருப்பத்தைத் தாண்டும்வரை லோசேயின் கத்தல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. பின்கட்டிலிருந்து சித்தப்பா, "சாப்பிட வர்றியா இல்லியா?" என்று சத்தம் போட்டார். லெசியேலி வாசலிலேயே நின்றாள். அவள் கை பழக்கத்தில் சடையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளத் தோளுக்குப் போய், அங்கே ஒன்றுமில்லாமல் அப்படியே நின்றது.