மஞ்சள் அடித்தாள்

உர்சுலாவுக்குப் பேனாப் பைத்தியம். மற்றப் பெண்கள் தேக்கா கடைத்தெருவுக்குப் போனால் சேலைக் கடையில் நிற்பார்கள், வளையல் கடையில் நிற்பார்கள். இவள் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் செசில் தெருவில் பஸ் ஏறி, நேரே சிராங்கூன் சாலைக்கு வந்து, நூர்தீன் பாயின் காகிதக் கடையில் பேனா எழுதிப் பார்க்க வைத்திருக்கும் துண்டுத்தாளுக்கு முன்னால் நின்றுவிடுவாள். பால்பாயிண்ட் மட்டும் அவளுக்கு ஆகாது. விரல் வலிக்க வலிக்க அதை அழுத்துகிற நேரத்தில் சப்பாத்திக்கு மாவாவது பிசையலாம் என்பாள்.

அது 1978. ஜப்பானிலிருந்து ஒரு புதுமாதிரிப் பேனா கடைக்கு வந்துகொண்டிருந்தது. முனையில் குண்டு, உள்ளே தண்ணீர் மை. தாளில் வைத்தால் போதும், தானே ஓடும். பிற்பாடு எல்லாரும் அதை ரோலர்பால் என்றார்கள். அப்போது அந்தக் கடையில் அதற்கு ‘ஓடுற பேனா’ என்றுதான் பெயர். அந்தப் பெயரை வைத்தவன் கோவிந்தசாமி. கடையில் சீட்டெழுதி, சரக்கு கட்டி, வேனில் ஏற்றிவிடுகிற ஆள். அவனும் இவளைப் போலவே ஒரு பைத்தியம். பேனாவைக் காதோரம் ஆட்டிப் பார்த்தே உள்ளே மை எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

அவனிடம் ஒரு பழக்கம். எவ்வளவு மெல்லிசாக எழுதினாலும் வாக்கியம் முடிகிற இடத்தில் ஆணி அடிக்கிற மாதிரி ஒரு புள்ளி வைப்பான்.

“முற்றுப்புள்ளி மேல அப்படி என்ன கோபம் உங்களுக்கு?” என்று உர்சுலா ஒருநாள் கேட்டாள்.

“முடிச்சா முடிச்சதா இருக்கணும்ல, மிஸ்” என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. சுற்றிலும் ஆட்கள். நூர்தீன் பாய் வேறு மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயால் பேசாததையெல்லாம் சீட்டில் பேசினார்கள். உர்சுலா வேலை பார்த்த கப்பல் கம்பெனி ஆபீசுக்கு எழுதுபொருள் எல்லாம் அந்தக் கடையிலிருந்துதான் போகும். சரக்கோடு ஒரு சீட்டு வரும்: மேலே வெள்ளைத் தாள், நடுவில் கார்பன், அடியில் மஞ்சள் தாள். கீழே ஸ்டோரில் இருக்கும் இப்ராஹீம் வெள்ளையில் கையெழுத்துப் போட்டு வேன்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்குத் தமிழ் படிக்க வராது. மஞ்சள் அடித்தாள் சரக்கோடு மாடிக்கு, உர்சுலாவின் மேசைக்கு வரும். சீட்டின் கடைசியில் ‘ரிமார்க்ஸ்’ என்று குறிப்பெழுத ஒரு கட்டம் உண்டு. ஊரில் எல்லாரும் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். கோவிந்தசாமி விடவில்லை.

“புது ரீபில் அனுப்பியிருக்கிறேன். ஏர்மெயில் தாளில் ஊறாது. எழுதிப் பார்த்துச் சொல்லவும்.”

அடுத்த வார ஆர்டரின் பின்புறம் இவள் எழுதுவாள்: “ஊறுகிறது. பொய் சொல்லக் கூடாது.”

“ஊறியது தாளின் குற்றம்.”

“மூடியைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். காய்ந்துவிட்டது. திட்டாதீர்கள்.”

“திட்டவில்லை. இன்னொன்று வைத்திருக்கிறேன். இன்று மழை. மழைக்கு நீலக்கறுப்புதான் நன்றாக இருக்கும்.”

இப்படியே எட்டு மாதம் ஓடியது. வெள்ளிக்கிழமை சரக்கு வரும் நாள். அன்று காலையிலிருந்தே உர்சுலாவுக்கு வேலை ஓடாது, படிக்கட்டுப் பக்கமே காது இருக்கும். இதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் லூர்து மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள், அவன் வீரமாகாளியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிற குடும்பத்துப் பிள்ளை. அந்தப் பெயரைச் சொன்னால் ரெண்டு வீட்டிலும் என்ன நடக்கும் என்பதும் தெரிந்துதான் இருந்தது.

நவம்பரில் அப்பா ஆம்ப்ரோஸ் ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்தார். அருளானந்தம், கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீசியன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல் என்றார். உர்சுலா அந்த வார ஆர்டரின் பின்புறம் எழுதினாள்: “வீட்டில் பையன் பார்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் பதில் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஏதாவது சொல்ல இருந்தால் இந்தச் சீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.” அவள் தயங்கித் தயங்கித்தான் எழுதினாள். பேனா மட்டும் தயங்காமல் ஓடியது.

வெள்ளிக்கிழமை சரக்கு வந்தது. மஞ்சள் தாளை எடுத்தாள். டைப்ரைட்டர் ரிப்பன் ஆறு, கோப்பு அட்டை நான்கு கட்டு, கார்பன் தாள் இரண்டு பெட்டி. எல்லாம் அவன் கையெழுத்தில் பளிச்சென்று இருந்தது. ரிமார்க்ஸ் கட்டம் காலி. கார்பன் அழுக்கு ஒட்டின மாதிரி அங்கங்கே மூன்று கறுப்புப் பொட்டு. வேறொன்றும் இல்லை.

திருப்பிப் பார்த்தாள். பெட்டிகளைப் பிரித்துத் தேடினாள். ரிப்பன் டப்பாக்களுக்குள்கூடப் பார்த்தாள், பாவம். ஒரு வார்த்தை. ‘வேண்டாம்’ என்றாவது எழுதியிருக்கக் கூடாதா? மை என்ன அவன் வீட்டுச் சொத்தா? கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கோயிலில் பாட்டுப் பயிற்சி. ஐந்து வருடத்தில் ஒரு வாரம்கூட அவள் தவறினதில்லை. அன்றைக்குத் தலைவலி என்று படுத்துவிட்டாள். வீங்கின கண்ணோடு யார் முன்னால் போய் நிற்பது? அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் “சரிப்பா” என்றாள்.

அதன்பின் வந்த சீட்டுகளில் அந்தக் கட்டத்தில் ஒரு பொட்டுகூட இல்லை. இவளும் கடைப் பக்கம் போகவில்லை. ரோஷம். கல்யாணத்துக்கு முன்பே அந்த வேலையையும் விட்டுவிட்டாள். அந்த ஒரு மஞ்சள் தாளை மட்டும் கிழிக்க மனசு வரவில்லை. தீர்ந்துபோன ரீபில்களைச் சேர்த்து வைத்திருந்த பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள்.

அருளானந்தம் நல்ல மனுஷர். கைக்குக் கிடைத்த பேனாவால் எழுதுவார், மூடியைத் தொலைப்பார். அதைத் தவிர அவர்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. ஆங் மோ கியோவில் வீடு, ஜோசபின் என்று ஒரு பெண் குழந்தை. ஆனாலும் மழை பிடிக்கிற நாளில் நீலக்கறுப்பு மையில் எதையாவது கிறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏன் எழுதவில்லை, ஏன் எழுதவில்லை என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஏழு வருடம் அது ஓயவில்லை.

1985 கடைசியில் ஜோசபினைப் பாலர் பள்ளியில் சேர்க்கப் போனாள். இரண்டு தாள், நடுவில் கார்பன் வைத்த ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்தார்கள். உர்சுலா தன் பேனாவை எடுத்து, அழகாக, நிதானமாக நிரப்பிக் கொடுத்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த சரஸ்வதி என்ற பெண் மேல்தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அக்கா, அடியில ஒண்ணுமே விழலையே லா! இந்த மாதிரி பேனா கார்பனுக்கு ஆகாதுக்கா. அழுத்தமே கிடையாது. இந்தாங்க பால்பாயிண்ட், நல்லா அமுக்கி எழுதுங்க.”

உர்சுலா அடித்தாளைப் பார்த்தாள். பெயர் இல்லை, விலாசம் இல்லை. தலைப்பெழுத்துக்குப் பின்னால் ஒரு பொட்டு. தேதிக்கு நடுவில் இரண்டு. கார்பன் அழுக்கு ஒட்டின மாதிரி மூன்று கறுப்புப் பொட்டு. புள்ளியை ஆணி மாதிரி அடிக்கிற பழக்கம் அவளுக்கும் எப்போதோ தொற்றியிருந்தது.

“மாதாவே” என்று அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

ஆபீசில் கார்பன் வைத்ததெல்லாம் டைப்ரைட்டரில். கையால் அவள் எழுதினதெல்லாம் ஒற்றைத் தாளில். அவளுக்குத் தெரிய வழியில்லை. அந்த மடையனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? எட்டு மாதக் குறிப்புகளையும் அன்றைய சரக்குப் பட்டியலையும் கடைப் பால்பாயிண்டில் எழுதியவன், மனசில் இருந்ததை எழுதும்போது மட்டும் இருப்பதிலேயே நல்ல பேனாவை எடுத்திருக்கிறான். அவளுக்குப் பிடித்த பேனாவை. கீழே கார்பன் இருப்பது நினைவிலேயே இருந்திருக்காது.

மறுநாள் டின்னைத் திறந்து மஞ்சள் தாளை எடுத்துக்கொண்டு தேக்காவுக்குப் போனாள். நூர்தீன் பாய் நரைத்துப்போய் அதே நாற்காலியில் இருந்தார்.

“அட, உர்சுலாவா! எத்தன வருஷமாச்சும்மா!”

“பாய், இந்த நம்பர் சீட்டோட வெள்ளைத் தாள் இருக்குமா?”

“பேப்பர் விக்கிறவன் பேப்பரைத் தூக்கிப் போடுவானாம்மா? எல்லாம் கிடக்கு” என்று உள்ளே போனவர், கால்மணி நேரம் கழித்துத் தூசி தட்டிக்கொண்டே ஒரு பழைய தாள்கட்டை எடுத்துவந்தார். கம்பியில் கோத்த தாள்களைத் தள்ளித் தள்ளி உர்சுலாவே தேடினாள்.

இருந்தது. அடியில் இப்ராஹீமின் கையெழுத்து. ரிமார்க்ஸ் கட்டம் கொள்ளாமல், நீலக்கறுப்பில், நேற்று எழுதினது போல.

“ஞாயிறு மாலை நாலு மணிக்கு உங்கள் லூர்து மாதா கோயில் வாசலில் நிற்பேன். பாட்டுப் பயிற்சிக்கு வரும்போது நீங்கள் என்னிடம் நின்று ஒரு வார்த்தை பேசினால், அப்படியே உங்கள் அப்பாவிடம் வந்து கேட்கிறேன். பேசாவிட்டால் இனி இந்தக் கட்டத்தில் எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன்.”

வெள்ளையைக் கம்பியிலிருந்து உருவி, மஞ்சள் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்று பொட்டும் மூன்று முற்றுப்புள்ளிக்கு நேராக இருந்தன. வழக்கம்போல் கோயிலுக்குப் போயிருந்தாலே போதும். ஒன்றும் படித்திருக்கவே வேண்டாம். தலைவலி என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாளே, அந்த நேரம் அவன் அங்கே நின்றிருக்கிறான்.

நூர்தீன் பாயும் எட்டிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அந்த ஞாயித்துக்கிழமை என்கிட்ட வெள்ளைச் சட்டை இரவல் வாங்கிட்டுப் போனான்மா. எதுக்குடான்னேன், சொல்லல. திங்கக்கிழமை துவைச்சு, இஸ்திரி போட்டுக் கொண்டாந்து வச்சான். அப்பவும் ஒண்ணும் பேசல.”

“இப்ப எங்க இருக்காங்க?”

“தெம்பனிஸ்ல. ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேலை. கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளைங்க. எப்பவாச்சும் ரீபில் வாங்க வருவான். விலாசம் வேணுமாம்மா?”

உர்சுலா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. மூன்று மணிக்கு ஜோசபினைப் பக்கத்து வீட்டிலிருந்து கூட்டிக்கொள்ள வேண்டும்.

பையைத் திறந்தாள். பேனா கைக்கு வந்தது. ஒரு நிமிடம் அதையே பார்த்துவிட்டு உள்ளே போட்டாள். மேசையில் நூலில் கட்டித் தொங்கிய கடைப் பால்பாயிண்டை எடுத்தாள். மஞ்சள் தாளை வெள்ளைக்கு அடியில் வைத்து, நடுவில் பாயிடம் ஒரு கார்பன் கேட்டு வாங்கிச் செருகினாள். அவன் எழுதியதற்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில், விரல் வலிக்க வலிக்க அழுத்தி ஒரே வார்த்தை எழுதினாள்.

“பேசியிருப்பேன்.”

மஞ்சள் தாளை உருவி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வெள்ளையை நூர்தீன் பாய் பழையபடி கம்பியில் கோத்து, கட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.