எதைக் கேட்டாலும் ஆமாங்க

ஊசித் தட்டோடு வந்த புது நர்சு வர்ஷினி, காளிச்சாமியின் காதோரம் குனிந்து கேட்டாள். "அப்பா, உங்க பேரென்னங்க?"

"ஆமாங்க" என்றார் அவர்.

பக்கத்தில் இருந்த மகள் லோகப்பிரியாவுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. எலும்பில் புற்று. விடிந்ததிலிருந்து வலியில் பல்லைக் கடித்துக் கிடக்கிறார், இன்று தாண்டாது என்று டாக்டரும் சொல்லியாயிற்று. இவள் பேர் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

அப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவளே லோகப்பிரியாதான். சிங்காநல்லூர்ப் பக்கம் இந்த ஆஸ்பத்திரியில், புதிதாகச் சேரும் நர்சுகளுக்கு மருந்து மாறாமல் கொடுக்கப் பயிற்சி தருவது அவள் வேலை. போன வருசம், தெம்பாக இருந்த அப்பாவையே வகுப்புக்குக் கூட்டிவந்து நோயாளி மாதிரி கட்டிலில் படுக்க வைத்தாள். கதிரேசனுங்களா என்றாலும் ஆமாங்க, அமீர் ஹம்சாங்களா என்றாலும் ஆமாங்க. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மரியாதையாகக் கேட்கிற புள்ளையிடம் இல்லீங்க என்று எப்படிச் சொல்வது என்றார் அவர். சிரிக்காதீங்கடி, நம்மூரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் என்று கத்தினாள் லோகப்பிரியா. பேரை நீ சொல்லாதே, அவரைச் சொல்ல வை. முடியாவிட்டால் கையில் பேர் எழுதிக் கட்டியிருக்கிற பட்டையைப் பார். கூட இருப்பவர் பேச்சை நம்பாதே.

இப்போது அவளே சொன்னாள். "எங்கப்பன எனக்குத் தெரியாதா? போடு புள்ள."

"பட்டையப் பாத்துர்றேனுங்க்கா."

பார்த்தாள். ஊசியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். மறுபடி பட்டையைப் பார்த்தாள். "இது அரங்கசாமிங்கறவருக்குங்க. இன்சுலின்."

அப்பாவுக்குக் காற்று வரட்டுமென்று, சன்னலோரம் இருந்த அரங்கசாமியிடம் கேட்டுக் காலையில் கட்டிலை மாற்றிக்கொண்டது லோகப்பிரியாதான். வார்டில் யாரிடமும் சொல்லவில்லை. திட்ட வாய் திறந்தவளுக்கு, திட்ட ஆள் கிடைக்கவில்லை.

"எடத்த மாத்துனா சொல்லோணுமுங்க்கா" என்றாள் வர்ஷினி, தணிவாக.

"சொல்லோணும்."

வலி மருந்து வந்தது. மறுபடியும் பட்டை, சீட்டு, சரிபார்க்க இன்னொரு நர்சு. லோகப்பிரியாவே அப்பாவின் கையைத் தூக்கிப் பட்டையைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் புருவ முடிச்சு அவிழ்ந்தது. மில்லில் ஷிப்டு முடிந்து வந்து தூங்குவாரே, அப்படித் தூங்கினார். பொழுது சாய்கையில் அந்தத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

டூட்டி முடிந்தும் வர்ஷினி போகவில்லை. வெந்நீரில் துணி நனைத்து இருவருமாக அவர் உடம்பைத் துடைத்தார்கள். லோகப்பிரியா சீப்பை எடுத்தாள். தலைவார வாகாக, வர்ஷினி அவர் பிடரியை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள்.