மேக்சீன் மேல் எங்களுக்கிருந்த புகார்கள்

மேக்சீன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று டெல்பர்ட் எங்கள் எல்லோருக்கும் வாய்ப்பூட்டு போட்டான். தெற்கு யூட்டாவின் செம்பாறைப் பள்ளத்தாக்குக்குள் ஒளிந்திருக்கும் இந்தக் குதிரைப் பண்ணை விடுதிக்கு அவன் முதலாளி. நான் சமையல்காரி, வாய் கொஞ்சம் நீளம்.

ஒவ்வொரு வசந்தத்திலும் ஹார்லனும் அவர் மனைவி மேக்சீனும் வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போவார்கள். போன குளிர்காலத்தில் மேக்சீன் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஹார்லன் தனியாக வருகிறார் என்று தெரிந்ததும் டெல்பர்ட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர்கள் வழக்கமாகத் தங்கும் ஓடைக்கரை வீட்டை வேறு யாருக்கோ கொடுத்தான். மேக்சீன் ஏறும் செவலைக் குதிரையைப் பின்பள்ளத்தாக்குக்கு ஓட்டிவிடச் சொன்னான்.

"மனுஷன் நொந்து போய் வர்றாரு. அவ ஞாபகம் வர்ற மாதிரி ஒண்ணும் கண்ணுல படக் கூடாது. வில்மா, உனக்குத்தான் முக்கியமா சொல்றேன்."

"எனக்கு மட்டும் என்ன தனியா?"

"உன் வாய் எனக்குத் தெரியாதா?"

இங்கே விருந்தாளி, வேலையாள் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் ஒரே நீள மேசைதான். சாப்பாட்டு நேரத்துக் கூச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. ஹார்லன் வந்த அன்றைக்கோ காற்றைப் பற்றியும் பாதைப் புழுதியைப் பற்றியும் மட்டுமே பேசினோம். ஹார்லன் மெல்ல, "மேக்சீனுக்கு இந்த..." என்று ஆரம்பித்தார். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் டார்லா பதறிப்போய், "இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போடட்டுமா?" என்று கிண்ணத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் பீன்ஸை வாங்கிக்கொண்டு, தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் காலை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தால், மனிதர் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்ததே கோபம். மாவுக் கையோடு ஓடினேன்.

"சாப்பிடாமக் கொள்ளாம எங்க கிளம்பிட்டீங்க?"

"இடம் மாறி வந்துட்டேன் போலிருக்கு வில்மா. இங்க யாருக்கும் அவளைத் தெரியல."

"தெரியலையா?" டெல்பர்ட்டின் கட்டளை காற்றோடு போனது. "என் பீன்ஸ்ல உப்பு இல்லன்னு வருஷா வருஷம் மேசையே அதிர்ற மாதிரி சொல்லுவா! ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போன நேரம் பாத்து அடுப்படிக்குள்ள புகுந்து ஒரு கைப்பிடி உப்ப அள்ளிப் போட்டுட்டா. வாங்கிக் கட்டிக்கிட்டது யாரு? நான்!"

சேணத்தைத் தூக்கிக்கொண்டு வந்த டார்லாவும் சேர்ந்துகொண்டாள். "அந்தச் செவலைக்குத் திருட்டுத்தனமா கேக் ஊட்டி ஊட்டிக் கெடுத்து வச்சிட்டாங்க. என் சட்டைப் பையை மோந்து பாக்காம இப்ப ஒரு அடி நகராது!"

"வில்மா!"

பின்னால் டெல்பர்ட். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"சீட்டாட்டத்துல ஏமாத்துவா," என்றான். "நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சும் ஏமாத்துவா. மூஞ்சிக்கு நேரா சிரிப்பா."

ஹார்லனின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டியது.

"அடக்கம் முடிஞ்சதுலேருந்து ஆளாளுக்கு அவளை தேவதை, தேவதைன்றாங்க. என் மக உட்பட. நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துனது தேவதையோடயா? வண்டியில ஏறினா வாய் மூட மாட்டா. தப்பா வழி சொல்லிட்டு, நான்தான் தப்பா திருப்பினேன்னு சண்டை போடுவா. நேத்து அவ்வளவு தூரமும் வண்டிக்குள்ள ஒரு சத்தம் இல்ல. என்னால தாங்க முடியல."

அந்த ராட்சசி மேல் எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

டெல்பர்ட் போய்ப் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கினான். ஹார்லன் தடுக்கவில்லை. சமையலறைப் படியில் உட்கார்ந்து, எங்களையும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"இன்னும் சொல்லுங்க," என்றார். "நல்லதா மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க."